தனி வீட்டில் பால் காய்ச்சிய நாள்

எங்கள் சித்தியின் கைப்பையில் சீப்பு இருக்காது. அதற்குப் பதிலாக ஒரு ஸ்குரூ டிரைவரும், சோப்புக் கரைத்த சவர்க்காரத் தண்ணீர் நிரப்பிய சின்னப் போத்தலும், தேய்ந்துபோன பல் பிரஷ் ஒன்றும், நான்காக மடித்த படிவங்கள் சிலவும் இருக்கும். பதுளை பஜாரில் கேஸ் விற்கிற கடையொன்றில் அவளுக்கு வேலை. பில் எழுதத்தான் போய்ச் சேர்ந்தாள். வீடுகளுக்குப் போய் அடுப்பையும் சிலிண்டரையும் இணைத்துப் பூட்டிக் கொடுக்கிற ஆள் திடீரென்று வெளிநாட்டுக்குப் போய்விட்டதால், அடுத்த ஆள் கிடைக்கும்வரை நான் போகிறேன் என்று கிளம்பியவள், அப்புறம் அந்த வேலையை யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை.

கடை முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவார்கள். மனுஷர் கேஸ் விற்றாரே தவிர, அதைக் கண்டு அவரைப் போல் பயந்தவர் பதுளையில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அந்தப் பயத்தை அவர் ஒரு படிவமாக அச்சடித்து வைத்திருந்தார். காற்று வெளியேற வழி உண்டா, சிலிண்டர் நிமிர்ந்து நிற்கிறதா, குழாயில் வெடிப்பு உண்டா, சவர்க்காரத் தண்ணீர் தடவிப் பார்த்தீர்களா, வீட்டுக்காரருக்கு மூடக் காட்டிக் கொடுத்தீர்களா என்று வரிசையாகக் கேள்விகள். கடைசியில் பூட்டியவரின் கையெழுத்து. எங்கள் பக்கத்து வீடுகளில் யார் எப்படி கேஸ் பூட்டியிருக்கிறார்கள் என்று எந்த அதிகாரியும் வந்து எட்டிப் பார்த்ததில்லை. அரசாங்கம் கேட்காததையெல்லாம் ஹாஜியாரின் ஒற்றைத் தாள் கேட்டது.

மற்றவர்கள் அந்தத் தாளைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பிவிடுவார்கள். சித்தி ஒவ்வொரு கேள்வியையும் நின்று கேட்பாள். ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிளாக்கர் ஐயா வீட்டு அம்மா, சிலிண்டர் பார்வைக்கு நன்றாக இல்லையென்று அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தச் சொன்னார்களாம். சித்தி கையெழுத்துப் போடாமல் பஸ் ஏறி வந்துவிட்டாள். கிளாக்கர் ஐயா கடைக்கு வந்து சத்தம் போட்டிருக்கிறார். ஹாஜியார் கேட்டுவிட்டு, “அந்தப் புள்ள கையெழுத்துப் போடல்லன்னா நானும் போட மாட்டேன்” என்று சொல்லி அவருக்குத் தேநீர் வரவழைத்தாராம். இந்தக் கதையை நான் பள்ளிக்கூடத்தில் குறைந்தது பத்துப் பேரிடம் சொல்லியிருப்பேன். சொல்லும்போது கிளாக்கர் ஐயாவை துரையாகவும் அலுமாரியைப் பங்களாவாகவும் ஆக்கிக்கொண்டேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. உலகத்தில் யாரைப் போல ஆக வேண்டும் என்று கேட்டிருந்தால் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பேன்.

அம்மாவுக்கோ இதே விஷயம்தான் பெரிய கவலை. அம்மாவுக்கும் சித்திக்கும் பதினோரு வயது வித்தியாசம். தாயில்லாத தங்கையை வளர்த்தது அம்மாதான். அவளைக் கட்டிக் கொடுக்க வேண்டியதும் அம்மாதான். இரண்டு மூன்று இடங்கள் வந்து, ‘பொண்ணு வீடு வீடா ஏறி இறங்குதாமே’ என்கிற பேச்சோடு நின்றுபோயிருந்தன. சித்திக்கு இருபத்தேழு நடந்துகொண்டிருந்தது. எங்கள் தோட்டத்தில் அந்த வயதுக்கு இரண்டு பிள்ளைகளோடு கொழுந்துக் கூடையும் சுமந்திருப்பார்கள்.

அப்போதுதான் வெலிமடையிலிருந்து ஓர் இடம் வந்தது. லீக்ஸும் கெரட்டும் உருளைக்கிழங்கும் வாங்கி லொறியில் அனுப்புகிற குடும்பம். மாப்பிள்ளை சித்தியை ஏற்கெனவே பார்த்திருந்தார். அவர்களுடைய சொந்தக்காரர் வீட்டில் சித்தி கேஸ் பூட்டப் போனபோது, வாசலிலிருந்து சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தது அவர்தானாம். அவருக்குச் சம்மதம். அவருடைய அம்மா மட்டும் பெண்ணை நேரில் பார்க்க வேண்டும் என்றார்கள். பெண் பார்க்க வருகிறோம் என்று வந்து வேண்டாமென்று போனால் அது பெண்ணுக்கு நல்லதில்லை என்று நினைக்கக்கூடிய நல்ல மனுஷி. அதனால் எங்கள் வீட்டுப் பால் காய்ச்சுக்கு வருகிற சாக்கில் வந்து பார்த்துவிட்டுப் போவதாக ஏற்பாடு.

எங்கள் வீடு என்று சொல்லும்போதே எனக்கு அந்த நாட்களில் நெஞ்சு நிமிரும். ஹல்துமுல்லைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் இருபது தனி வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏழு பேர்ச் நிலம், இரண்டு அறை, ஒரு முன்ஹோல், ஒரு குசினி. அதுவரை நாங்கள் இருந்த லயத்தில் வீடுகள் ஒரே வரிசையாக ஒட்டியிருக்கும்; சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் நாங்கள் விழித்துக்கொள்வோம். இங்கே நாலு பக்கமும் எங்கள் சுவர். இருபதில் முதலில் முடிந்தது எங்களுடையது. மற்றப் பத்தொன்பது வீட்டுக்காரர்களும் எங்கள் வீட்டைப் பார்த்துத்தான் தங்கள் வீட்டுக்கு எதை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கக் காத்திருந்தார்கள். அம்மா இத்தனை வருஷம் புகையில் கண்ணைக் கசக்கியது போதும் என்று அப்பா இரண்டு அடுப்பு உள்ள கேஸ் அடுப்பு வாங்கினார். சிலிண்டரை லொறியிலிருந்து இறக்கியபோது வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பால் காய்ச்சுக்குத் தலைமை பெரியப்பா. அப்பாவின் அண்ணன். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து காய வைக்கிற பெரிய அடுப்புக்கு விறகு போட்டு எரிக்கிறவர். முப்பது வருஷம் நெருப்புக்கு முன்னால் நின்றவர் என்பதால் நெருப்பு சம்பந்தமான எதிலும் அவர் சொல்வதுதான் முடிவு. கலியாண வீட்டில் சோறு வேகாவிட்டாலும், கோயிலில் தீமிதிக் குழி சரியாகக் கனியாவிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவருக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு விரோதி காற்று. எங்கள் மலையில் அந்த மாதங்களில் அடிக்கிற காற்றைத் தெரிந்தவர்கள் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள். கீழ்நாட்டிலிருந்து பள்ளத்தாக்கு வழியாக ஏறி வருகிற காற்று, தகரத்தைப் பிடித்துத் தூக்கும். மூடுபனியை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து விடும். லயத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்த முதல் வேலை, ஓட்டை கண்ட இடத்தில் சாக்கை அடைப்பது.

முதல்நாள் பின்னேரம் சித்தி பதுளையிலிருந்து வந்தாள். வந்ததும் வராததுமாகக் குசினிக்குள் போனாள். சுவரின் மேலேயும் கீழேயும் காற்றுப் போவதற்காக வைத்திருந்த பூவேலை செய்த சீமெந்துக் கற்களைக் காணவில்லை. எல்லாவற்றிலும் உரப்பையைச் சுருட்டி அழகாக அடைத்து வைத்திருந்தார் பெரியப்பா.

“மாமா, இத எடுக்கணும்” என்றாள் சித்தி. பெரியப்பாவை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

“எடுத்தா வெளக்கு நிக்காது பாப்பா. இந்தக் காத்துல எந்த அடுப்பு எரியும்?”

“கேஸ் அடுப்பு எரியுமுங்க. கேஸ் கசிஞ்சா வெறகுப் புகை மாதிரி மேல போகாது, கீழதான் எறங்கும். தரையோட நிக்கும். அது வெளிய போக வழி வேணும்.”

பெரியப்பா சிரித்தார். நான் பார்க்காத நெருப்பா என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, முகம் சொன்னது. ஆனாலும் ஒவ்வொரு பையாக உருவிக் கொடுத்தார். சித்தி குழாயைப் பூட்டி, வளையத்தை இறுக்கி, பிரஷ்ஷால் சவர்க்காரத் தண்ணீர் தடவி, நுரை முட்டை கிளம்பிக் கசிவைக் காட்டுகிறதா என்று முகத்தைக் கிட்ட வைத்துப் பார்த்தாள். படிவத்தில் எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதிவிட்டுக் கையெழுத்தை மட்டும் விட்டுவைத்தாள். நாளைக்கு எரிவதைப் பார்த்துவிட்டுத்தான் போடுவாளாம். சொந்த அக்கா வீட்டுக்குமா இந்தச் சட்டம் என்று அப்பா கேலி செய்தார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அம்மா சித்தியைத் தனியாகக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பக்கத்தில் பாய் விரித்துக்கொண்டிருந்தேன்.

“நாளைக்கு ஒரு நாள் மட்டும் எனக்காக வாயத் தொறக்காம இரு. குசினிப் பக்கமே வராத. சீலையக் கட்டிக்கிட்டு அந்தம்மா பக்கத்துல ஒக்காந்திரு, போதும். கேஸ், குழாயின்னு ஒரு பேச்சு வரக் கூடாது.”

“சரிக்கா.”

“அவர ஒனக்குப் புடிச்சிருக்குதானே?”

“பாப்போம்” என்றாள் சித்தி. அந்தப் பதிலை நான் நன்றாக ஞாபகத்தில் வைத்துக்கொண்டேன். எனக்குக் கத்தரிக்காய் வேண்டுமா என்று கேட்டால் நான் சொல்கிற பதிலும் அதுதான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மேல் நல்ல நேரம். சித்தி பழைய லயத்துக் காம்பிரா அறையில் உடுத்திக்கொண்டு, வெலிமடைக்காரர்கள் வந்து இறங்கிய பிறகு வருவதென்று பேச்சு. நான் அவளுக்குத் துணை. பச்சைச் சேலை கட்டிக்கொண்டாள். நான் ஒரு சீப்பைத் தேடிப் பிடிப்பதற்குள் அவளே கைப்பையைத் திறந்து புதுச் சீப்பு ஒன்றை எடுத்துத் தலை வாரினாள். நெற்றிப் பொட்டை மூன்று முறை அழித்து வைத்தாள். நேரமாகிறதே என்று எனக்கு எரிச்சல்.

இதற்குள் புது வீட்டில் காற்று தன் வேலையைக் காட்டியிருக்கிறது. ஹோலில் ஏற்றிய குத்துவிளக்கு இரண்டு தடவை அணைந்துவிட்டதாம். புது வீடு, இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இரண்டு தடவை. பெரியப்பா பொறுத்துக்கொள்வாரா? உரப்பைகளை மறுபடி கொண்டுவந்து, நேற்றைவிட இறுக்கமாக அடைத்து, குசினி ஜன்னலையும் சாத்திக் கொக்கி போட்டுவிட்டார். சித்தியும் நானும் வந்து சேர்ந்தபோது விளக்கு ஐந்து திரியோடும் ஆடாமல் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. சாம்பிராணிச் சட்டியை முற்றத்துக்குக் கொண்டுபோன பிறகும் அதன் புகை வீட்டை நிறைத்திருந்தது. வந்தவர்கள் எல்லோரும் விளக்கைப் பாராட்டினார்கள்.

சித்தியைக் கொண்டுபோய் மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார வைத்தார்கள். அவர்களுக்கு எதிரே, குசினி வாசற்படியை ஒட்டி, கோலத்தின் நடுவில் விளக்கு. நான் சித்தியின் முழங்காலோடு ஒட்டி உட்கார்ந்தேன். அந்த அம்மா சித்தியிடம் பதுளையில் மழையா என்று கேட்டார்கள். ஆமாங்க என்றாள். வேலை கஷ்டமா என்று கேட்டார்கள். இல்லீங்க என்றாள். நான் இதுவரை கேட்டதிலேயே மிகவும் சலிப்பான பேச்சு அது. ஆனால் அந்த அம்மாவின் கை சித்தியின் கையைத் தடவிக்கொண்டே இருந்தது. வாசலில் நின்ற மாப்பிள்ளை எனக்கு ஒரு டொபி கொடுத்துவிட்டுச் சித்தியைப் பார்த்தார். சித்தி பாயைப் பார்த்தாள். எல்லாம் கூடிவந்துவிட்டது என்பது குசினிக்குள் நின்ற அம்மாவின் முகத்திலேயே தெரிந்தது.

புதுப் பானையில் பால் ஏறியது. பால் பொங்கி வழிய வேண்டும். வழிந்தால்தான் அந்த வீட்டில் எல்லாம் நிறையும். அடுப்புத் தீயைக் கூட்டி வைத்து, பெண்கள் சுற்றி நின்று, நுரை விளிம்பைத் தொட்டதும் குலவை போட்டார்கள். பால் தாராளமாகவே வழிந்தது. விறகடுப்பாக இருந்திருந்தால் கொஞ்சம் புகை கிளம்பும், கட்டை பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். இங்கே நீலச் சுடரின் மேல் பால் கொட்டியதும் அது அடங்கிப்போனது. கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்தது. குலவைச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. பால் தீய்ந்த வாசமும் சாம்பிராணியும் சேர்ந்து அதன் வாசத்தையும் மறைத்துவிட்டன. பொங்கின பானையைச் சூடம் காட்டும்வரை யாரும் தொடக் கூடாது, அடுப்புப் பக்கம் கை போகக் கூடாது என்பது எங்கள் வழக்கம். எல்லோரும் கை கட்டிக்கொண்டு வழக்கத்தைக் காப்பாற்றினார்கள்.

பெரியப்பா தட்டில் சூடத்தை வைத்தார். தீப்பெட்டியைக் காணவில்லை. அது அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. அப்பா வெளியே தேங்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். அப்பாவின் மறதியை எங்கள் வீட்டில் யாரும் ஒருநாளும் புகழ்ந்ததில்லை. அன்றைக்காவது புகழ்ந்திருக்கலாம்.

சித்தி தலையை நிமிர்த்தியதை நான் பார்த்தேன். யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதைப் போல நிமிர்த்தினாள். குசினியைப் பார்த்தாள். எதிரே இரண்டு முழத்தில் தரையில் எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பார்த்தாள். பிறகு திரும்பி, தன் கையைப் பிடித்திருந்த அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கையை மெதுவாக விலக்கிவிட்டு, முன்னால் குனிந்து, விளக்கின் ஐந்து திரிகளையும் விரலாலேயே எண்ணெய்க்குள் இழுத்துவிட்டாள்.

விளக்கு அணைந்தது. புது வீட்டில், நல்ல நேரத்தில், கண்ணெதிரே. குலவை பாதியில் நின்றது. ஒரு பெண்பிள்ளை குனிந்து, பொங்கிய பால் இன்னும் அடங்காத நேரத்தில், தன் கையால் விளக்கை அணைத்ததை எங்கள் ஆட்கள் அதற்கு முன்னால் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டார்கள்.

“யாரும் தீக்குச்சி கிழிக்காதீங்க. சுவிட்ச்சத் தொடாதீங்க. புள்ளைகளக் கூட்டிக்கிட்டு வெளிய போங்க” என்றாள் சித்தி. கத்தவில்லை. பஸ்ஸில் இடம் விடச் சொல்கிற குரல்தான். அந்தக் குரலுக்கு எப்படி அத்தனை பேரும் எழுந்து போனார்கள் என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம். என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது மாப்பிள்ளைதான். அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தபோது, எல்லோரும் வெளியே வருகிற வாசலில் சித்தி ஒருத்தி மட்டும் உள்ளே போய்க்கொண்டிருந்தாள். பச்சைச் சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். உள்ளே போய் அடுப்பை மூடி, சிலிண்டரை மூடி, ஜன்னலைத் தள்ளித் திறந்து, ஒவ்வொரு உரப்பையாக உருவிக் கீழே எறிந்திருக்கிறாள். ஒரு பை ஜன்னல் வழியாக வெளியே வந்து பெரியப்பாவின் காலடியிலேயே விழுந்தது.

கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தாள். விரல் நுனியெல்லாம் கரி. இரண்டு விரல் சிவந்து கொப்புளித்திருந்தது. முற்றத்தில் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். வெலிமடைக்கார அம்மா லொறிப் பக்கமாக இரண்டடி நகர்ந்து நின்றிருந்தார்கள்.

முதலில் வாயைத் திறந்தது பெரியப்பா. பெரியப்பா மோசமான மனுஷர் இல்லை. நடந்தது என்னவென்று அவருக்கு அந்நேரம் புரிந்திருந்ததோ என்னவோ, ஒரு பெண்ணின் கலியாணம் கண்ணெதிரே போய்க்கொண்டிருப்பது புரிந்துவிட்டது. அதைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று.

“காத்துல அணஞ்சிருச்சு” என்றார். “பொல்லாத காத்து. காலையில இருந்தே ரெண்டு தடவ அணச்சிருச்சு. பாப்பா திரியச் சரி பண்ணத்தான் கைய வச்சுச்சு.”

அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க நடந்த ஒன்றை இப்படி மாற்றிச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். எல்லோரும் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். ஆமா காத்துதான் என்றார் அப்பா. ஆமா, நானும் பாத்தேன் என்றார் இன்னொருவர். எனக்கும் அது மிகவும் பிடித்திருந்தது. நானும் தலையை ஆட்டினேன். வெலிமடைக்கார அம்மா சித்தியின் முகத்தையே பார்த்தார்கள். பிறகு, “ஆமா, இந்தப் பக்கத்துக் காத்து அப்படித்தானே. அதுக்கு யாரு என்ன செய்ய?” என்றார்கள். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார்கள். அம்மாவின் கை முந்தானையிலிருந்து இறங்கியது. சித்தி பேசாமல் நின்றால் போதும்.

அப்போது பக்கத்து வீட்டு அக்கா, அடுத்த வெள்ளிக்கிழமை பால் காய்ச்ச இருந்தவள், நல்ல மனதோடுதான் சொன்னாள்:

“அப்ப நாங்களும் நல்லா எல்லாத்தையும் அடச்சிட்டுத்தான் பால் காச்சணும். ஒரு ஓட்டகூட விடக் கூடாது.”

சுற்றி நின்ற பெண்கள் தலையாட்டினார்கள். அம்மாவும் ஆட்டினாள்.

சித்தி அந்த அக்காவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் வெலிமடைக்கார அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

“காத்து இல்லீங்கம்மா. நான்தான் அணச்சேன். தெரிஞ்சுதான் அணச்சேன்.”

அம்மா மெல்லிய குரலில் அவள் பெயரைச் சொன்னாள். சித்தி நிறுத்தவில்லை.

“பால் ஊத்தி அடுப்பு அணஞ்சு போச்சு. கேஸ் வந்துகிட்டே இருந்துச்சு. அது தரையோட வந்து வெளக்குகிட்ட நிக்கிற நேரம். குசினியில காத்துப் போக ஒரு வழியும் இல்ல. காத்து வந்திருந்தா நான் வெளக்க அணச்சிருக்கவே வேணாம்.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, “யாரும் அடைக்காதீங்க. குளுருனா சுவெட்டரப் போட்டுக்குங்க. அந்தக் கல்ல மட்டும் அடைக்காதீங்க” என்றாள்.

அவ்வளவுதான் பேசினாள். வெலிமடைக்கார அம்மா சித்தியின் சுட்ட விரல்களைப் பார்த்தார்கள். அவர்களுடைய கண்ணில் கோபம் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. “நல்லதுதாம்மா செஞ்ச. ஆனா வெளக்கு...” என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டுவிட்டார்கள். பிறகு மூடுபனி இறங்குகிறது, பாதை சரியில்லை என்றார்கள். பால் கொடுத்தபோது, இன்னொரு நாள் வந்து குடிக்கிறோம் என்றார்கள். புது வீட்டில் காய்ச்சின பாலைக் குடிக்காமல் போவதற்கு என்ன அர்த்தம் என்பது ஒன்பது வயதிலும் எனக்குத் தெரியும்.

அவர்கள் போன பிறகு விளக்கை மறுபடி ஏற்றினார்கள். ஜன்னல் திறந்திருக்க, பால் இரண்டாம் முறை பொங்கியது. இம்முறை சித்தி அடுப்பின் திருகில் கை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்று, நாலு சொட்டு வழிந்ததும் மூடினாள். அந்தக் காட்சி எங்கள் ஆட்களின் மனதில் எப்படிப் பதிந்ததென்றால், அடுத்தடுத்த வாரங்களில் பத்தொன்பது வீட்டிலும் பால் காய்ச்சியபோது ஒருவரைத் திருகு பிடிக்க நிறுத்தினார்கள். யாரை நிறுத்துவது என்று ஒரு வீட்டில் சண்டையே வந்து, கடைசியில் அது தாய்மாமனுக்கு உரியது என்று முடிவாகி, அவருக்கு மாலையும் துண்டும் போடுகிற வழக்கமும் சேர்ந்துகொண்டது. இப்போது போய்க் கேட்டால், ஆதியிலிருந்தே அப்படித்தான் என்பார்கள். காற்றுக் கற்களில் பெரியப்பா கம்பிவலை அடித்துக் கொடுத்தார். சாக்கு அடைக்க முடியாதபடி வலை அடிக்கிற யோசனை தனக்கே தோன்றியதாக அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். சித்தியும் அதை மறுத்துப் பேசவில்லை. எங்கள் தோட்டத்தில் அதற்குப் பிறகு எத்தனையோ வீட்டில் கேஸ் வந்துவிட்டது. ஒரு வீட்டிலும் ஒரு விரலும் சுட்டதில்லை.

அன்றைக்கு மட்டும் சித்தி படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. வலை அடித்த பிறகு வந்து போடுகிறேன் என்று சொல்லி, ரெகுலேட்டரைக் கழற்றித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். அம்மா முற்றத்தில் மூன்று கல்லைக் கூட்டி விறகு வைத்தாள். அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பஸ் நிற்கிற இடம்வரை சித்தியோடு நான் நடந்தேன். தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் இறங்கினால் இருபது நிமிஷம். அவள் சுட்ட விரலை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு வந்தாள். எனக்கு அவள் மேல் ஒரே பெருமை. அந்தப் பெருமையில் நான் ஒரு கணக்கும் போட்டு வைத்திருந்தேன். இப்படி ஒரு வார்த்தை பேசினால் சம்பந்தம் போய்விடும் என்று சித்திக்குத் தெரியும். தெரிந்தும் பேசினாள் என்றால், அவளுக்கு அந்த லொறிக்காரரைப் பிடிக்கவே இல்லை. பிடிக்காத ஒன்றிலிருந்து எங்கள் சித்தி எவ்வளவு சாமர்த்தியமாகக் கழன்றுகொண்டாள் என்று நினைத்து நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே நடந்தேன்.

பாதி வழியில் சித்தி நின்றாள்.

“அவங்க லொறி போகுறப்ப நீ வாசல்லதானே நின்ன?”

“ஆமா சித்தி.”

“நான் உள்ள இருந்தேன்” என்றாள். கொஞ்ச தூரம் நடந்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், தேயிலையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: “அவரு திரும்பிப் பாத்தாரா?”

லொறியின் முன்னால் தன் அம்மாவையும் மற்றப் பெரியவர்களையும் உட்கார வைத்துவிட்டு, அவர் பின்னால் வெறும் மரக்கறிப் பெட்டிகளுக்கு நடுவே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொய்யா மரத்தடியில் ஒரு தடவை திரும்பினார். கோயில் பக்கத்தில் ஒரு தடவை. கடைசி வளைவில் லொறி சாய்ந்தபோது, முழுதாகவே திரும்பி நின்று, எங்கள் வீடு மறையும்வரை பார்த்துக்கொண்டே போனார்.

சித்திக்குச் சந்தோஷமான பதிலாகச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

“இல்ல சித்தி” என்றேன். “ஒரு தடவகூடப் பாக்கல.”